யு.எஸ்.பி. கன்ட்ரோலரின் கை எட்டும் தூரம்

மைக்ரோபிராசசர் பேப்பருக்குப் படிக்கும்போது 8257 டி.எம்.ஏ. கன்ட்ரோலர் படத்தைப் போட்டுப் பார்க்காதவர்கள் நம்மில் யாரும் இருக்க மாட்டோம். 4 சானல், ஒவ்வொன்றுக்கும் 16 பிட் அட்ரஸ் ரிஜிஸ்டர், 8085-இன் 39-ஆம் காலில் ஹோல்டு, 38-ஆம் காலில் ஹோல்டு அக்னாலட்ஜ். பத்து மார்க் கேள்வி. எழுதிவிட்டு வந்து மறந்துவிடுகிறோம். "இந்தக் காலத்தில் யார் 8257 வைத்துக்கொண்டிருக்கிறார்கள்?" என்று ஜூனியர் தம்பிகள் கேட்கிறார்கள். சிப் போய்விட்டது உண்மைதான். ஆனால் அது செய்த வேலை எங்கேயும் போகவில்லை. பென் டிரைவைச் செருகும் ஒவ்வொரு முறையும் அதே வேலை நம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. அது சரியாக நடக்க லினக்ஸ் கெர்னல் என்னென்ன செட் பண்ணுகிறது, அதில் நம் கைக்கு விட்டிருப்பது எது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதப் போகிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 16 பிட் அட்ரஸ் என்றால் 64 கே.பி.தான் எட்டும். 1981-இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் 8257-இன் தம்பியான 8237-ஐப் போட்டார்கள். அதற்கும் 16 பிட்தான். பிராசசருக்கோ 20 பிட். என்ன செய்வது? வெளியே ஒரு பேஜ் ரிஜிஸ்டரை வைத்து மேலே 4 பிட்டை ஒட்டுப் போட்டார்கள். 1984-இல் வந்த ஏ.டி. மாடலில் அந்த ஒட்டு 8 பிட் ஆனது. மொத்தம் 24 பிட், அதாவது 16 எம்.பி. இன்றைக்கும் பி.சி.யில் ஓடும் லினக்ஸில் 'டி.எம்.ஏ. ஜோன்' என்று முதல் 16 எம்.பி.யைத் தனியாகப் பிரித்து வைத்திருப்பதைப் பார்க்கலாம். அந்தப் பழைய ஒட்டின் தழும்புதான் அது. அதற்கு மேல் 4 ஜி.பி. வரை 'டி.எம்.ஏ. 32' என்று இன்னொரு ஜோன். அதற்கும் மேலே 'நார்மல்'. பிராக் டைரக்டரியில் ஜோன்இன்ஃபோ என்ற ஃபைலைத் திறந்தால் மூன்றும் வரிசையாக வரும்.

இந்தக் கதையில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ராமில் இடம் இருப்பது வேறு, டி.எம்.ஏ. செய்யும் சிப்புக்கு அந்த இடம் எட்டுவது வேறு. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் மீதியெல்லாம் சுலபம்.

சரி, யு.எஸ்.பி.க்கு வருவோம். பென் டிரைவ் நேராக நம் ராமில் எழுதுவதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை. பென் டிரைவுக்கு ராம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. கேட்டால் பதில் சொல்லும், கேட்காவிட்டால் வாயைத் திறக்காது. கேட்கிறவர் ஹோஸ்ட் கன்ட்ரோலர். அவர்தான் பதிலை வாங்கி ராமில் எழுதுகிறவர். ஆகவே யு.எஸ்.பி.யில் டி.எம்.ஏ. செட்டிங் என்று எதைச் சொன்னாலும் அது கன்ட்ரோலரின் செட்டிங். பென் டிரைவுக்கோ கேமராவுக்கோ தனியாக ஒன்று கிடையாது. யு.எஸ்.பி. டிரைவர் எழுதுகிறவர் 'எவ்வளவு தூரம் எட்டும்' என்று கேட்க வேண்டுமானால், டிவைஸைக் கேட்கக் கூடாது, அது மாட்டியிருக்கும் பஸ்ஸின் கன்ட்ரோலரைக் கேட்க வேண்டும்.

அந்த எட்டும் தூரத்துக்குக் கெர்னல் வைத்த பெயர்தான் டி.எம்.ஏ. மாஸ்க். கன்ட்ரோலருக்கு 32 அட்ரஸ் பிட் என்றால் மாஸ்க்கில் வலது கோடியிலிருந்து 32 ஒன்றுகள். ஹெக்ஸில் எழுதினால் எட்டு எஃப். கெர்னல் ஒரு பஃபரின் அட்ரஸை எடுத்து, அதன் கடைசி பைட் இந்த மாஸ்க்குக்குள் அடங்குகிறதா என்று பார்க்கிறது. அடங்கினால் அப்படியே கன்ட்ரோலரிடம் கொடுக்கும். அடங்காவிட்டால் வேறு வழி தேடும்.

யு.எஸ்.பி.யின் ஆரம்ப காலத்து யு.ஹெச்.சி.ஐ., ஓ.ஹெச்.சி.ஐ. கன்ட்ரோலர்கள் இரண்டுக்கும் 32 பிட்தான். இப்போதைய எக்ஸ்.ஹெச்.சி.ஐ.யில் கேப்பபிலிட்டி ரிஜிஸ்டர் ஒன்றில் ஏ.சி.64 என்று ஒரு பிட் இருக்கிறது. அது 1 என்றால் 64 பிட் அட்ரஸ் தெரியும் என்று அர்த்தம். டிரைவர் தொடங்கும்போது அந்தப் பிட்டைப் படித்து, 1 என்றால் 64 பிட் மாஸ்க் கேட்கும், இல்லையென்றால் 32. கேட்டதைக் கெர்னல் ஒத்துக்கொண்டால் பங்ஷன் பூஜ்யத்தைத் திருப்பித் தரும். இதில் ஒரு வேடிக்கை. சில கன்ட்ரோலர் சிப்கள் ஏ.சி.64-இல் 1 என்று போட்டுவிட்டு, உண்மையில் மேல் பிட்களைச் சரியாகக் கையாளாது. பயோடேட்டாவில் எல்லாம் தெரியும் என்று போட்டுவிட்டு இன்டர்வியூவில் விழிப்பதைப் போல. அப்படிப்பட்ட சிப்களுக்காகக் கெர்னலில் ஒரு பட்டியலே வைத்திருக்கிறார்கள். அதில் பெயர் இருந்தால் சிப் என்ன சொன்னாலும் 32 பிட்தான்.

இதை நம் லேபிலேயே பார்க்கலாம். லினக்ஸ் போட்ட எந்தப் பி.சி.யிலும் எல்.எஸ்.பி.சி.ஐ. என்று அடித்தால் 'யு.எஸ்.பி. கன்ட்ரோலர்' என்று ஒரு வரி வரும். அந்த வரியின் முன்னால் இருக்கும் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். சிஸ் டைரக்டரிக்குள் பஸ், பி.சி.ஐ., டிவைசஸ் என்று போய் அந்த நம்பர் உள்ள டைரக்டரியைத் திறந்தால், டி.எம்.ஏ. மாஸ்க் பிட்ஸ் என்ற ஃபைல் இருக்கும். (பெயர்களை டைப் செய்யும்போது ஆங்கிலச் சின்ன எழுத்து, வார்த்தைகளுக்கு நடுவே அண்டர்ஸ்கோர்.) உள்ளே 64 அல்லது 32 என்று ஒரே ஒரு எண். ரூட் பாஸ்வேர்டு கூட வேண்டாம். பழைய மிஷின் ஒன்றிலும் புது மிஷின் ஒன்றிலும் பார்த்து ரெக்கார்டு நோட்டில் எழுதினால் ஒரு நல்ல எக்ஸ்பெரிமென்ட்.

இனி, இந்த மாஸ்க் எங்கே உதைக்கும் என்பதற்கு ஒரு நிஜமான கேஸ். புராஜெக்ட் என்றாலே நம்மில் பாதிப் பேர் கையில் எடுப்பது ராஸ்பெர்ரி பை 4. 2019 ஜூனில் 1, 2, 4 ஜி.பி. என்று மூன்று சைஸில் வந்தது. 8 ஜி.பி. 2020 மே மாதம் வந்தது. இதில் பி.சி.எம். 2711 என்ற மெயின் சிப்புக்குள் யு.எஸ்.பி. 3 கிடையாது. வி.எல். 805 என்ற தனி கன்ட்ரோலரை ஒரே ஒரு பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் லேன் வழியாக மாட்டியிருக்கிறார்கள். போர்டில் உள்ள நான்கு யு.எஸ்.பி. சாக்கெட்டுகளும் அந்த ஒரு லேன் வழியாகத்தான் ராமுக்கு வர வேண்டும். வந்த இடத்தில்தான் வில்லங்கம். முதலில் வந்த பி0 ரக மெயின் சிப்பில், பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் பகுதியைச் சுற்றியுள்ள சர்க்யூட்டில் ஒரு பிழை. அதன் வழியாக வருபவருக்கு முதல் 3 ஜி.பி. மட்டுமே எட்டும். 1 ஜி.பி., 2 ஜி.பி. போர்டு வைத்திருந்தவர்களுக்கு இது தெரியவே தெரியாது. 4 ஜி.பி. வாங்கியவர்களுக்கு மேலே உள்ள கிட்டத்தட்ட 1 ஜி.பி. யு.எஸ்.பி.க்கு எட்டாக்கனி.

இதற்கு மாஸ்க் போடுங்கள் பார்ப்போம். 32 பிட் போட்டால் 4 ஜி.பி. வரை எட்டும் என்று கெர்னல் நம்பும். மூன்றரை ஜி.பி.யில் இருக்கும் ஒரு பஃபரை எடுத்து நீட்டும். டேட்டா அங்கே போய்ச் சேராது. 31 பிட் போட்டால் 2 ஜி.பி.தான். பத்திரம், ஆனால் எட்டக்கூடிய 1 ஜி.பி. வீண். 3 ஜி.பி. என்பது இரண்டின் அடுக்கு அல்ல என்பதால் எந்த மாஸ்க்காலும் அதைச் சரியாகச் சொல்ல முடியாது. ஆகவே கெர்னல்காரர்கள் இரண்டையும் பிரித்தார்கள். மாஸ்க் என்பது கன்ட்ரோலரின் சொந்தத் திறமை. அது வரும் வழியில் உள்ள தடை பஸ் லிமிட். 2020 ஜனவரியில் வந்த 5.5 கெர்னலில், அதுவரை மாஸ்க்காகவே இருந்த இந்தப் பஸ் கணக்கை 'இந்த அட்ரஸ் வரைக்கும்' என்ற வெறும் எல்லை எண்ணாக மாற்றினார்கள். அந்த எண் டிவைஸ் ட்ரீ என்ற போர்டு விவரப் பட்டியலிலிருந்து வருகிறது. அதில் டி.எம்.ஏ. ரேஞ்சஸ் என்ற வரியில் இந்தப் போர்டுக்கு 3 ஜி.பி. என்று எழுதி, இந்தப் பிழையைப் பற்றி ஒரு குறிப்பும் போட்டிருக்கிறார்கள். இரண்டில் எது சின்னதோ அதுதான் செல்லும்.

இது சும்மா தியரி இல்லை. 2019 அக்டோபரில் உபுண்டு 19.10-இன் 64 பிட் பதிப்பை 4 ஜி.பி. பை-யில் போட்டவர்களுக்கு யு.எஸ்.பி. போர்ட்டுகள் வேலை செய்யவில்லை. கீபோர்டு இல்லை, மவுஸ் இல்லை. உடனடி வைத்தியமாகச் சொன்னது என்ன தெரியுமா? பூட் கான்ஃபிக் ஃபைலில் டோட்டல் மெம் 3072 என்று ஒரு வரி. அதாவது 3 ஜி.பி.க்கு மேல் ராமே இல்லை என்று கெர்னலிடம் சொல்லிவிடுவது! காசு கொடுத்து வாங்கிய ராமில் கால் பங்கை மூடி வைத்தால் கீபோர்டு வேலை செய்யும். பிறகு வந்த கெர்னல் திருத்தங்களில் அந்த அவசியம் போய்விட்டது. செகண்ட் ஹேண்டில் பை 4 வாங்குகிறவர்கள் மெயின் சிப்பின் உலோக மூடியில் உள்ள எழுத்துகளின் கடைசியைப் பாருங்கள். பி0டி என்றால் பழையது. சி0டி என்றால் இந்தப் பிழை திருத்தியது. ஹீட் சிங்க் ஒட்டியிருந்தால் கஷ்டம்தான்.

எட்டாத இடத்தில் பஃபர் இருந்தால் கெர்னல் வேறு வழி தேடும் என்றேன் அல்லவா? இன்டெல் போன்ற பெரிய மிஷின்களில் ஐ.ஓ.எம்.எம்.யூ. என்ற ஹார்டுவேர், அட்ரஸை மாற்றிக் கொடுத்துச் சமாளித்துவிடும். பை 4-இல் யு.எஸ்.பி. வரும் வழியில் அது கிடையாது. அங்கே திண்ணைதான். கிராமத்து வீட்டில் வெளியாள் கொண்டுவரும் மூட்டை திண்ணை வரைக்கும்தான் வரும். உள்ளே தூக்கிக்கொண்டு போவது வீட்டுக்காரர் பாடு. அதே மாதிரி, கன்ட்ரோலருக்கு எட்டும் தாழ்வான இடத்தில் கெர்னல் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்திருக்கிறது. கன்ட்ரோலர் அதில் எழுதும். பிராசசர் அதிலிருந்து எடுத்து உண்மையான பஃபருக்குக் காப்பி செய்யும். இதற்குப் பவுன்ஸ் பஃபர் என்று பெயர். செய்து கொடுக்கும் பகுதி எஸ்.டபிள்யூ.ஐ.ஓ.டி.எல்.பி.

திண்ணையின் சைஸ் வழக்கமாக 64 எம்.பி. 2 கே.பி. கட்டங்களாகப் பிரித்து 32768 கட்டம். ஒரே தடவையில் தொடர்ச்சியாக 128 கட்டம்தான், அதாவது 256 கே.பி.தான் தரும். அதைவிடப் பெரிய துண்டைக் கேட்டால் திண்ணை முழுக்கக் காலியாக இருந்தாலும் இடம் இல்லை என்றுதான் பதில் வரும். டிமெசேஜில் 'எஸ்.டபிள்யூ.ஐ.ஓ.டி.எல்.பி. பஃபர் ஈஸ் ஃபுல்' என்று வந்தால், கூடவே எத்தனை பைட் கேட்டது, மொத்தம் எத்தனை கட்டம், எத்தனை நிரம்பியிருக்கிறது என்றும் வரும். அந்த மூன்று எண்ணையும் படியுங்கள். நிரம்பியதால் வந்த தகராறு என்றால் பூட் வரியில் கட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டலாம் (எம்.பி. கணக்கு அல்ல, கட்டக் கணக்கு. 65536 என்றால் 128 எம்.பி.). கேட்டதே 256 கே.பி.க்கு மேல் என்றால் கூட்டிப் பிரயோஜனமில்லை. கேட்கும் டிரைவரைத்தான் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே மெசேஜில் வருவதால் பலர் இதில் சுற்றிச் சுற்றி வருகிறார்கள்.

டிரைவர் எழுதிப் பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்கு இன்னொரு விஷயம். யு.எஸ்.பி. ட்ரான்ஸ்ஃபருக்குக் கொடுக்கும் பஃபரை பங்ஷனுக்குள் லோக்கல் வேரியபிளாக டிக்ளேர் செய்யக் கூடாது. கேமலாக் மூலம் கேட்டு வாங்க வேண்டும். ஏன்? ராமுக்கும் பிராசசருக்கும் நடுவில் கேஷ் இருக்கிறது. அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் ஆபீசில் இருக்க, கிளாஸில் சார் ஒரு தாளில் காப்பி வைத்திருப்பது மாதிரி. கன்ட்ரோலர் ஆபீஸ் ரிஜிஸ்டரில் திருத்துகிறது. சார் தாளைப் பார்த்தே பெயர் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். பி.சி.யில் ஹார்டுவேரே இரண்டையும் ஒத்துப்போக வைத்துவிடும். பல ஏ.ஆர்.எம். போர்டுகளில் கெர்னல்தான் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். அந்தத் தாளின் அளவு ஒரு கேஷ் லைன், பெரும்பாலும் 64 பைட். உங்கள் 8 பைட் பஃபர் ஸ்டாக்கில் இருந்தால் அதே லைனில் பக்கத்து வேரியபிள்களும் உட்கார்ந்திருக்கும். தாளைக் கிழிக்கும்போது அவையும் சேர்ந்து போகும். இப்படி எழுதிய டிரைவர்கள் பி.சி.யில் வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. 2016 டிசம்பரில் வந்த 4.9 கெர்னலில் ஸ்டாக்கையே வி.மேப் என்ற வேறு விதமான இடத்துக்கு மாற்றும் வசதி வந்தபோதுதான் ஒன்றொன்றாக மாட்டிக்கொண்டன. இப்போது கெர்னலே 'ட்ரான்ஸ்ஃபர் பஃபர் ஈஸ் ஆன் ஸ்டாக்' என்று திட்டிவிட்டு அந்த ட்ரான்ஸ்ஃபரைத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

இதுவரை சொன்னதில் நாம் கைவைக்கக் கூடியது குறைவு. மாஸ்க்கை நாமாகக் கூட்டிப் போட்டால் ஸ்பீடு கூடும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். கை நீளம் சிப்பில் செய்தது. நாம் எழுதும் நம்பரால் கை வளராது, டேட்டாதான் கெடும். ஆனால் நம் புராஜெக்ட்டுகளில் நிஜமாகவே அடிக்கடி மாட்டுகிற, நாமே மாற்றக் கூடிய செட்டிங் ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

எங்கள் பேட்சில் ஒரு குழு ஒரு ஸ்பின்னிங் மில்லிலிருந்து இன்டஸ்ட்ரியல் கேமரா ஒன்றை இரவல் வாங்கி வந்து நூல் கோன் இன்ஸ்பெக்ஷன் செய்தார்கள். யு.எஸ்.பி. 3, கறுப்பு வெள்ளை, 1920-க்கு 1200. புரோகிராமில் பஃபர் எண்ணிக்கை 4 என்று போட்டால் ஓடும், ஆனால் நடுநடுவே ஃப்ரேம் விழுந்துவிடும். 10 என்று போட்டால் 'மெமரி ஒதுக்க முடியவில்லை' என்று நின்றுவிடும். ராமில் 2 ஜி.பி.க்கு மேல் சும்மா கிடக்கிறது! கேபிளை மாற்றினார்கள், பவர் சப்ளையை மாற்றினார்கள். கடைசியில் 'போர்டு போச்சு, ஆளுக்கு ஆயிரம் போடுங்கள்' என்று வசூலே ஆரம்பித்துவிட்டது. வைவாவுக்கு ஒன்பது நாள்.

போர்டு போகவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1920-ஐ 1200-ஆல் பெருக்கினால் ஒரு ஃப்ரேம் 23,04,000 பைட். கெர்னல் டிரைவர் இல்லாமல் லிப்யு.எஸ்.பி. மூலம் நேராக டிவைஸோடு பேசும் புரோகிராம்களுக்குக் கெர்னல் தரும் மொத்த பஃபர் 16 எம்.பி.தான், அதாவது 1,67,77,216 பைட். 7 ஃப்ரேம் என்றால் 1,61,28,000, அடங்கும். 8 என்றால் 1,84,32,000, அடங்காது. ராம் 4 ஜி.பி.யோ 64 ஜி.பி.யோ, இந்த 16 மாறாது. ஏதோ ஒரு புரோகிராம் கெர்னல் மெமரியை எல்லாம் விழுங்கிவிடக் கூடாது என்று போட்ட கதவு இது. மேலும் இது ஒரு டிவைஸுக்கு 16 அல்ல, மிஷினில் இப்படிப் பேசும் எல்லாப் புரோகிராமுக்கும் சேர்த்து 16. ஈ.சி.இ. நண்பர்கள் ரேடியோ கேட்கப் பயன்படுத்தும் ஆர்.டி.எல். எஸ்.டி.ஆர். டாங்கிளை எடுத்துக்கொண்டால், அதன் லைப்ரரி வழக்கமாக 256 கே.பி. பஃபர் 15 கேட்கும். ஒன்றுக்கு 3.75 எம்.பி. நாலு டாங்கிள் ஓடும், ஐந்தாவது ஓடாது. சாதாரண வெப்கேமராவுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதற்குக் கெர்னலுக்குள்ளேயே டிரைவர் இருப்பதால் அது இந்தக் கதவு வழியாக வருவதில்லை.

கதவின் பெயர் யு.எஸ்.பி.எஃப்.எஸ். மெமரி எம்.பி. சிஸ் டைரக்டரியில் மாட்யூல், யு.எஸ்.பி.கோர், பாராமீட்டர்ஸ் என்று போனால் அந்தப் பெயரில் ஃபைல் இருக்கும். கேட் செய்தால் 16 என்று வரும். ரூட்டாக இருந்து 64 என்று எக்கோ செய்தால் அந்த நிமிஷமே 64. ரீபூட் வேண்டாம். எங்கள் நண்பர்களுக்கு 10 பஃபருக்கு 22 எம்.பி.தான் தேவை. 64 என்று வைத்தோம். ஃப்ரேம் விழுவது நின்றது. வசூலித்த பணம் திரும்பி வந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

பூஜ்யம் போட்டால் கதவே இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம் என்று அர்த்தம். பலர் அதைத்தான் சிபாரிசு செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பஃபரைத் திருப்பிக் கொடுக்காத ஒரு புரோகிராம் ராத்திரி முழுக்க ஓடினால் காலையில் மிஷின் தொங்கிக்கொண்டிருக்கும். ஃப்ரேம் சைஸை எண்ணிக்கையால் பெருக்கி, எல்லாக் கேமராவையும் கூட்டி, வந்ததற்கு இரண்டு மடங்கு வையுங்கள், போதும்.

எக்கோ செய்தது மிஷினை அணைத்தால் போய்விடும். நிலையாக வேண்டுமென்றால் பூட் வரியில் சேர்க்க வேண்டும். யு.எஸ்.பி.கோர், ஒரு புள்ளி, பாராமீட்டர் பெயர், சமக்குறி, 64, நடுவில் எங்கும் ஸ்பேஸ் கிடையாது. பி.சி.யில் க்ரப் ஃபைலில் எழுதி அப்டேட் க்ரப் கொடுக்க வேண்டும். பை-யில் சி.எம்.டி.லைன் என்ற டெக்ஸ்ட் ஃபைல். அதில் எல்லாமே ஒரே வரியில்தான் இருக்க வேண்டும். என்டர் தட்டிப் புது வரியில் எழுதினால் கெர்னல் அதைக் கண்டுகொள்ளாது. இருக்கிற வரியின் கடைசியில் ஒரு ஸ்பேஸ் விட்டு எழுதுங்கள், ரீபூட் செய்துவிட்டு மறுபடி ஒரு தடவை கேட் செய்து 64 வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.